கேள்வி சரியாக இருந்தால்தான் பதில் சரியாக இருக்கும்

கடந்த கோடையில் விருதுநகர் மாவட்டம் நரிக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் ஊருக்குச் சென்றிருந்தேன். கண்மாய் வறண்டு, உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. பெரியம்மா முறையாகும் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது, கையில் படிவத்துடன் இளம்பெண் ஒருவர் வந்தார். மனநலம் குறித்த கணக்கெடுப்பு என்றார்.

'கடந்த இரண்டு வாரங்களில் மனச்சோர்வு இருந்ததா?' என்று படிவத்தைப் பார்த்துப் படித்தார். 'கரிமூட்டத்துல நின்னுட்டு வந்தா சோர்வு இருக்கத்தானே தாயி செய்யும்' என்றார் பெரியம்மா. 'எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருந்ததா?' என்பது அடுத்த கேள்வி. 'மழையே காணோம், இதுல மகிழ்ச்சி எங்கிட்டு?' என்று சிரித்தார். அந்தப் பெண் சற்றுத் தயங்கி, இரண்டுக்கும் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அன்று மாலை நான் கேட்டேன்: 'ராத்திரி தூக்கம் வருதா பெரியம்மா?' அவர் முகம் மாறிவிட்டது. 'உங்க பெரியப்பா போனதுல இருந்து ரெண்டு மணிக்கு முழிச்சா விடியிற வரைக்கும் முழிச்சேதான் கெடக்கேன். சோறு எறங்கல. நெஞ்சுக்குள்ள கல்லை வச்ச மாதிரி இருக்கு' என்றார். படிவத்தின்படி அவருக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த இரு கேள்விகளும் உலகெங்கும் பயன்படுத்தப்படுபவை. தொற்றாநோய்களைக் கண்டறிவதற்காக, 30 வயதைக் கடந்தோரிடம் சுகாதாரப் பணியாளர்கள் நிரப்பும் அரசுப் படிவத்திலும் இவை உண்டு. ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் என்றால் மேல்பரிசோதனை தேவை. அளவுகோலில் குறை சொல்ல முடியாது. ஆனால், 'மனச்சோர்வு' என்பது மருத்துவ நூலின் சொல். எங்கள் பகுதியில் சோர்வு என்றால் உடல் அலுப்பு. அடுத்த கேள்வியோ ஆர்வம், மகிழ்ச்சி என இரண்டை ஒன்றாகக் கேட்கிறது. எதற்குப் பதில் சொல்வது?

ஒரு சொல் எவ்வளவு தூரம் பதிலை மாற்றும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் காட்டினர். மாணவர்களுக்கு ஒரு கார் விபத்தின் படத்தைத் திரையிட்டனர். 50 பேரிடம் கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும், வேறு 50 பேரிடம் 'இடித்தபோது' என்ன வேகம் என்றும் கேட்டனர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று வினவியபோது, முதல் குழுவில் 16 பேரும் இரண்டாவது குழுவில் 7 பேரும் 'ஆம்' என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1998-99-இல் நடந்த இரண்டாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 15 வயதுக்குப் பிறகு யாரேனும் உங்களை அடித்தோ உடல்ரீதியாகத் துன்புறுத்தியோ உள்ளனரா என்று பெண்களிடம் பொதுவாகக் கேட்டது. கணவர் அடித்ததாகச் சொன்னோர் 19 சதவீதம். 2005-06-இல் நடந்த மூன்றாவது ஆய்வு கேள்வியை உடைத்தது: கணவர் கன்னத்தில் அறைந்தாரா, கையை முறுக்கினாரா, தலைமுடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. இம்முறை 35 சதவீதம். ஏழு ஆண்டு இடைவெளியில் வேறு மாற்றங்களும் இருந்திருக்கலாம்; வித்தியாசம் முழுவதையும் கேள்வியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும், அறைவதைத் 'துன்புறுத்தல்' என்று எண்ணாத பெண்ணும், 'அறைந்தாரா?' என்றால் 'ஆமாம்' என்பார். நடந்ததைக் கேட்டால் நினைவு பேசும். பெயரிட்டுக் கேட்டால் தயக்கம்தான் பேசும்.

மனநலப் படிவங்களும் இந்தப் பாதைக்கு வர வேண்டும். ஒரு கேள்வியில் ஒன்றை மட்டுமே கேட்க வேண்டும். தமிழாக்கத்தை வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்று மூலத்தோடு ஒப்பிடுவது வழக்கம். அது மட்டும் போதாது. 'மனச்சோர்வு' அந்தச் சோதனையில் எளிதில் தேறிவிடும். கரிமூட்டத்திலும் மிளகாய்க்காட்டிலும் வேலை செய்பவர்களிடம் கேள்வியைச் சொல்லி, 'இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டீர்கள்?' என்று விசாரித்த பிறகே அச்சிட வேண்டும். புரியாத பதில் வந்தால் மறுபடி விளக்கிக் கேட்கப் பணியாளருக்கு நேரமும் பயிற்சியும் தர வேண்டும்.

இது சொல் ஆராய்ச்சியோடு முடிகிற விஷயமல்ல. எந்த ஊருக்கு மருத்துவர் வேண்டும், எவ்வளவு மருந்து வேண்டும் என்பவை இத்தகைய எண்களைக் கொண்டே முடிவாகின்றன. தவறாகக் கேட்கப்பட்ட கேள்வியால், துயரப்படுவோர் கணக்கில் இல்லாமலே போய்விடுவார்கள்.

பெரியம்மாவை மறுவாரம் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதலில் கேட்டது, 'ராத்திரி தூங்குறீங்களாம்மா?' என்பதுதான்.