பெரிய கட்டடங்களில் மின்சாரக் கட்டுப்பாடு: இயக்குமுன் செய்யும் சோதனைகள்

ஒரு காலத்தில் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் மின்சாரம் தோட்டத்து டீசல் இயந்திரத்தின் ஓசையோடு வந்து, அந்த ஓசை நின்றதும் போய்விடும். குறித்த நேரத்தில் விளக்குகள் அணையும். அதற்கு மேல் படிக்க விரும்பிய பிள்ளைக்கு மண்ணெண்ணெய் விளக்கே துணை. அதனால் மின்சாரத்தை வீணாக்கும் வழக்கம் நம்மவரிடையே அவ்வளவாக இருந்ததில்லை. பின்னர் நாட்டின் பொது மின்விநியோகம் வந்தது. 1980களில் நம் பக்கத்திலேயே, காப்பார் கடற்கரையில், பெரிய மின்நிலையமும் எழுந்தது.

அங்ஙனம் பிறக்கும் மின்சாரத்தில் பெரும் பங்கை நகரத்து அலுவலகங்கள், மருத்துவமனைகள், கடைத்தொகுதிகள் ஆகியவை உண்கின்றன. ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா (பழைய பத்தாங் பெர்ஜுந்தை) ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த இளைஞர் பலர் இத்தகைய கட்டடங்களில் பராமரிப்பு வேலைக்குச் செல்கின்றனர். ஆகவே அங்கே நிகழ்வது என்ன என்பதை நாமும் அறிந்துகொள்வது நன்று.

பெரிய கட்டடம் ஒன்றில் குளிர்சாதனம், விளக்கு, பம்ப், மின்தூக்கி என நூற்றுக்கணக்கான சாதனங்கள் உள்ளன. இவற்றை ஆட்கள் ஓடியோடித் திறந்து மூடுவது இயலாத காரியம். எனவே ஒரு கணினி அவற்றைக் கண்காணித்து, வேண்டியபோது இயக்கி, வேண்டாதபோது நிறுத்துகிறது. இதனைக் கட்டட எரிசக்தி மேலாண்மை முறை என்பர். அறைகளின் வெப்பநிலையைச் சொல்ல ஆங்காங்கே உணர்கருவிகளும், மின்சாரத்தை அளக்க மீட்டர்களும் பொருத்தப்படுகின்றன. கணினிக்குக் கண்ணும் காதும் அவையே.

ஆனால் கண் பழுதானால்? இக்கேள்வி பால்மரத் தொழிலாளருக்குப் புதிதன்று. நாம் கொண்டுவரும் பாலில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்பதை அறியப் பால் கொட்டகையில் மெட்ரோலாக் என்னும் கருவியை மிதக்கவிடுகின்றனர். அது பாலின் அடர்த்தியைக் கொண்டு ரப்பரின் அளவைக் கணித்துச் சொல்வது; தோராயமானதே. பாலில் கலக்கும் நீரின் அளவு தவறினாலும், எண்ணை அவசரமாகப் பார்த்தாலும் கணக்கு மாறிவிடும். உண்மையை அறிய வேண்டுமானால், சிறிது பாலை எடுத்து அமிலம் விட்டு உறையவைத்து, தகடாக்கி, உலர்த்தி, நிறுத்துப் பார்த்தல் வேண்டும். கிராணி ஏட்டில் எழுதும் எண் அழகாகத்தான் இருக்கும். அது மெய்யா என்பதை நிறுத்துப் பார்த்தவரே சொல்ல முடியும். நமது கூலி அந்த எண்ணைச் சார்ந்தது என்பதால் இதன் அருமை நமக்குத் தெரியும்.

கட்டடத்தின் நிலையும் இதுவே. ஓர் உணர்கருவி உள்ளதைவிட 2 பாகை கூட்டிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அறை 24 பாகையில் இருக்கவேண்டும் என்று கணினிக்குக் கட்டளை. அறை உண்மையில் 24 பாகைக்கு வந்தபோதும் கருவி 26 என்று சொல்கிறது. கணினியோ மேலும் குளிரூட்டி, அறையை 22 பாகைக்குக் கொண்டுபோன பின்பே அமைதியடைகிறது. திரையில் 24 என்றே தெரியும். ஊழியர்கள் கம்பளிச் சட்டை அணிந்து நடுங்குவர். மின்கட்டணம் மாதந்தோறும் ஏறும். குற்றம் எங்கே என்று ஒருவருக்கும் விளங்காது.

ஆகவேதான் இம்முறையை இயக்கத்திற்குக் கொண்டுவரும் முன் ஒவ்வோர் உணர்கருவியின் அருகிலும் சோதித்தறிந்த வெப்பமானி ஒன்றை வைத்து இரண்டும் ஒத்துள்ளனவா என்று பார்க்கின்றனர். வெயில் படும் சுவரிலோ, சூடாகும் இயந்திரத்தின் அருகிலோ பொருத்தியிருந்தால் இடம் மாற்றவேண்டும். அடுத்தது கம்பிகள். ஒருவர் திரைமுன் அமர்ந்து, "மூன்றாம் மாடி வால்வைத் திற" என்று கட்டளையிடுவார். மற்றொருவர் அந்த வால்வின் பக்கத்திலேயே நின்று, அது திறக்கிறதா என்று கண்ணால் கண்டு சொல்வார். திறந்தது நான்காம் மாடி வால்வாக இருத்தலும் உண்டு! திரையை மட்டும் நம்பினால் அப்பிழை பல ஆண்டுகள் ஒளிந்திருக்கும். நூற்றுக்கணக்கான இணைப்புகளையும் இவ்வாறே ஒவ்வொன்றாகப் பார்ப்பது சலிப்பூட்டும் வேலைதான். கட்டடத்தைத் திறக்கும் நாள் நெருங்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் இவ்வேலையே.

மீட்டர்களில் வேறொரு வகைப் பிழை நேரும். பெரிய மின்னோட்டத்தை நேரே அளக்க இயலாததால், அதனைக் குறிப்பிட்ட விகிதத்தில் குறைத்துத் தரும் வளையம் ஒன்றைக் கம்பியைச் சுற்றி மாட்டுகின்றனர். 400-க்கு 5 என்ற வளையத்தை மாட்டிவிட்டு, மீட்டரில் 200-க்கு 5 என்று பதிந்தால், செலவான மின்சாரத்தில் பாதியே கணக்கில் ஏறும். வளையத்தைத் திசைமாற்றி மாட்டினாலும் கணக்கு குழம்பும்.

நாள்காட்டியையும் மறத்தலாகாது. ஞாயிறும் பொது விடுமுறையும் எவை என்பது கணினிக்குத் தானாகத் தெரியாது. தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஆண்டுதோறும் வெவ்வேறு தேதிகளில் வருவன. எவரேனும் அவற்றைப் பதிந்து வைக்காவிட்டால், தீபாவளியன்று ஆளில்லாக் கட்டடம் நாள் முழுதும் குளிர்ந்துகொண்டிருக்கும்.

இத்துறையில் எடுத்துக்காட்டாக விளங்குவது புத்ராஜெயாவில் 2010-இல் எழுந்த எரிசக்தி ஆணையத்தின் தலைமையகமாகும். வைரம் போன்ற வடிவத்தால் அதனை வைரக் கட்டடம் என்பர். சாய்ந்த சுவர்கள் தமக்குத் தாமே நிழல் தருகின்றன; பகலொளி உள்ளே பரவுகிறது; தளத்தினுள் பதித்த குழாய்களில் ஓடும் குளிர்ந்த நீர் கட்டடத்தைக் குளிர்விக்கிறது. வழக்கமான அலுவலகங்கள் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 200 யூனிட்டுக்கு மேல் செலவிட, இதனைச் சுமார் 85 யூனிட்டில் நடத்தத் திட்டமிட்டனர். அந்தப் புத்ராஜெயா நகரம் எழுந்த நிலம் முன்பு பிராங் பெசார் என்னும் ரப்பர்த் தோட்டம். பி.பி. 5/51, பி.பி. 260 என்று நாம் வெட்டும் மரங்களின் பெயரிலுள்ள "பி.பி." அத்தோட்டத்தையே குறிக்கிறது.

பெரும் அளவில் மின்சாரம் செலவிடும் நிறுவனங்கள் அதனைக் கவனிக்கத் தகுதிபெற்ற மேலாளரை நியமிக்கவேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டன. 2025 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த எரிசக்திச் சிக்கன, பாதுகாப்புச் சட்டம் இப்பொறுப்பை மேலும் விரிவாக்கியுள்ளது. எனவே கருவிகளைச் சோதிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை கூடுமென்றே நாம் கருதுகிறோம். இத்துறையில் நுழைய விரும்பும் பிள்ளைகள் முதலில் எரிசக்தி ஆணையம் வழங்கும் வயர்மேன் தகுதிச் சான்றிதழுக்குப் படிக்கலாம். அதன் பின்னர் சார்ஜ்மேன் சான்றிதழுக்கும் முயலலாம். கம்பியை இணைக்கக் கற்கும்போதே, இணைத்த கம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று நடந்து சென்று பார்க்கும் பழக்கத்தையும் அவர்கள் பெறுதல் வேண்டும். சோதனை நாளன்று வால்வின் அருகே நிற்கப்போகிறவர்கள் அவர்களே.