படம் ஏன் பாதியில் அறுகிறது?

சி நிரல் உரைக்கோப்பை ஒழுங்காகப் பதிவேற்றிவிட்டு, ஜேபெக் படத்தை மட்டும் ஏன் அறுக்கிறது? பெரும்பாலும் சரத்தின் நீளத்தை அளக்கும் ஸ்டிரலென் சார்புதான் காரணம். சுழிய பைட்டைக் கண்டதும் அது எண்ணுவதை நிறுத்திவிடும். வழக்கமான ஜேபெக்கில் ஐந்தாவது பைட்டே சுழியம். ஆகவே நீளத்தைத் தனி மாறியில் சுமந்தே தீரவேண்டும். பதிவேற்றத்தைக் கவனிக்க லிப்கர்ல் நூலகம் இருக்கிறதே என்பீர்கள். அதன் மைம் இடைமுகமும் நினைவகத் தரவுக்கு நீளத்தைக் கேட்கிறது. சோம்பலில் ‘சுழியம் வரை’ என்று சொன்னால் அதே வெட்டுதான்.

மைம் முறையில் பதிவேற்றம் பல பகுதிகளாகச் செல்லும்; அவற்றைப் பிரிப்பது 70 எழுத்துக்கு மிகாத எல்லைச்சரம். அது கோப்புக்குள்ளேயே வந்துவிட்டால்? நியாயமான கேள்வி. ஆனால் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்தும் எண்ணும் கலந்து 22 குறிகளைத் தற்செயலாகத் தேர்ந்தால், சேர்க்கைகள் 2-இன் 128ஆம் அடுக்கையே தாண்டும். மோதல் நடைமுறையில் நேராது. சரத்தை நிரலில் நிலையாக எழுதிவைப்பவர்களுக்கு இந்தக் காப்பு கிடையாது.