உபதேசியார் வரைக்கும்தான்: மாறும் காலங்களில் திருச்சபைத் தலைமை



இந்த அரங்கு ஆண்டுதோறும் நினைவுகூரும் நம் தோழர் ஓர் உபதேசியாரின் மகன். ஐயர் மாதத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்தியது, பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் சொல்லிக் கொடுத்தது, சாவு விழுந்த வீட்டுக்கு முதல் ஆளாய்ப் போனது எல்லாம் அவருடைய அப்பாதான். திருவிருந்து கொடுக்கும் நாளில் மட்டும் அவர் ஓரமாக நிற்பார். இதைத் தோழர் பலமுறை சொல்லியிருக்கிறார், கோபமாக அல்ல, ஒரு தகவலைப் போல. சமூகம் மாறுகிற காலங்களில் திருச்சபைத் தலைமை எப்படி நடந்துகொண்டது என்று பேசச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஓரம்தான். அந்த ஓரத்துக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

1706இல் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது, பள்ளிகள் வந்தன. இவையெல்லாம் நாம் பாடப்புத்தகத்தில் படித்தவை. அதிகம் படிக்காத பெயர் ஒன்று உண்டு: ராஜநாயக்கன். பறையர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் சேவகம் செய்தவர். தரங்கம்பாடியில் அச்சான வேத புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்துவிட்டு, படைவேலையை விட்டு, 1720களின் இறுதியில் தரங்கம்பாடி சபைக்கு வந்து சேர்ந்தார். 1771இல் இறக்கும் வரை தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்தார். அந்தப் பகுதியில் புராட்டஸ்டண்டு சபைகள் வேர்விட்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1733இல் ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவில் புராட்டஸ்டண்டு குருவான முதல் இந்தியர் அவர். வேளாளர். அடுத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் பேச்சில் இருந்தது. அவருடைய தகுதியில் மிஷனரிகளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பறையர் ஒருவர் கையால் நற்கருணை வாங்க மற்ற சாதிக் கிறித்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அவர்கள் வீட்டுக்குள் அவர் போக முடியாது என்று யோசித்தார்கள். 1741இல் பட்டம் தியோகு என்ற வேறொருவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்.

இதில் கவனிக்க வேண்டியது மிஷனரிகளின் கெட்ட எண்ணம் அல்ல. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும். எது சரி என்று அவர்களுக்குத் தெரியும். பிறகு ஒரு கணக்குப் போட்டார்கள். இவரைக் குருவாக்கினால் யார் வெளியேறுவார்கள்? ஆக்காவிட்டால் யார் வெளியேறுவார்கள்? முதல் கேள்விக்குப் பதில் பெரிதாக இருந்தது, இரண்டாவதற்கு யாருமில்லை. போக இடம் இல்லாதவர்களின் இழப்பு அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. திருச்சபைத் தலைமையின் பிற்கால முடிவுகள் பலவற்றையும் இந்த ஒரே கணக்கை வைத்துப் படித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

கத்தோலிக்கர் பக்கம் இன்னும் பழைய கதை. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமணத் துறவிபோல வாழ்ந்தார். கீழே வைக்கப்பட்ட சாதிகளுக்குப் போதிக்கப் பிறகு பண்டாரசாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் வந்தார்கள். 1704இல் ரோமிலிருந்து வந்த தூர்னோன் என்ற உயர் அதிகாரி புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருக்கள் நேரில் போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டதே, அதை யோசித்துப் பாருங்கள்! வழக்கு நாற்பது ஆண்டுகள் இழுத்தது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் முடிவு சொன்னார்: பறையர்களுக்கென்று தனியாகச் சில குருக்களை ஏற்படுத்தலாம். ஆணையும் காப்பாற்றப்பட்டது, சாதியும் காப்பாற்றப்பட்டது. இந்த வகைச் சமரசத்தில் திருச்சபைக்கு இருக்கும் திறமையை நம் அரசாங்கங்கள்கூட இன்னும் எட்டவில்லை.

எப்போதும் இப்படித்தான் நடந்ததா என்றால் இல்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு உடனே நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது, பலர் வெளியேறினார்கள். சாதியைப் பொறுத்துக்கொண்ட லுத்தரன் மிஷன் பின்னாளில் அவர்களில் ஒரு பகுதியினரைச் சேர்த்துக்கொண்டது. வில்சனின் சபை அதனால் அழிந்துவிடவில்லை. ஆனால் அவர் தொலைவில் கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர். அவருடைய ஆணை மேலிருந்து வந்தது, ஊர்க்கோயிலின் பாய் வரைக்கும் எல்லா இடத்திலும் அது இறங்கவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஓங்கோல். அங்கே அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ் 1866இல் வந்து தங்கியபோது உயர்சாதியார் அவரிடம் நட்பாக இருந்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் யெர்ரகுண்ட்லா பெரியய்யா என்ற மாதிகர், தோல் வியாபாரி, தானாகத் தேடிவந்து ஞானஸ்நானம் பெற்றார். அவர் பின்னால் அவருடைய மக்கள் வந்தார்கள். மாதிகர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள் உயர்சாதியார். ராஜநாயக்கனுக்கு எதிராகப் போட்ட அதே கணக்கு இங்கும் மேசைக்கு வந்தது. கிளவ் மாதிகர் பக்கம் நின்றார், மற்றவர்கள் போய்விட்டார்கள். பஞ்சம் தணிந்த 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பஞ்ச நிவாரணத்துக்காக வருகிறார்கள் என்ற பழி வரக்கூடாது என்று அவர் அதற்கு முன் ஞானஸ்நானத்தை நிறுத்திவைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மதமாற்றம் என்றாலே ரொட்டித்துண்டு என்று பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைப் படிப்பதில்லை.

கிளவைப் பெரிய தலைவர் என்று எழுதிய புத்தகங்கள் உண்டு. அவர் சரியான முடிவு எடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் கதவைத் தட்டியவர் பெரியய்யா. கிளவ் திறந்தார்.

வடக்கன்குளம் கதையை உங்களில் பலர் அறிவீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1870களில் அங்கே கட்டிய கத்தோலிக்கக் கோயில் இரண்டு கால்கள்போல விரிந்து பீடத்தில் சேரும். வேளாளர் ஒரு பக்கம், நாடாரும் பிறரும் மறுபக்கம். சாமியைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். சாதிக்காகவே வரைபடம் போட்டுக் கட்டிய கோயில்! 1910இல் கௌசானல் என்ற இயேசு சபைக் குரு தடுப்பை இடித்தார். வேளாளர்கள் வழக்குப் போட்டார்கள், அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, தோற்றார்கள். பிரிவினையை உரிமையாகக் கோர முடியாது என்று திருச்சபைத் தலைமையே அந்த வழக்கில் வாதாடியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அடுத்து வருவது வேறு வழக்கு. 1936இல் பிரிட்டிஷ் அரசு பட்டியல் சாதி ஆணையை வெளியிட்டபோதே இந்தியக் கிறித்தவர் எவரும் அதில் சேரமாட்டார் என்று எழுதிவிட்டது. 1950இல் குடியரசுத் தலைவரின் ஆணை, மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரை விலக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள்.

சென்னையில் சூசை என்பவர் நடைபாதையில் செருப்புத் தைப்பவர். ஆதி திராவிடர், கிறித்தவர். அரசு பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்த மற்றவர்களுக்குக் கிடைத்தது, அவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, மாறுவதற்கு முன்பிருந்த அதே கடுமையோடு அந்தக் கொடுமை புதிய மதத்திலும் தொடர்கிறது என்று நிறுவ வேண்டும், அதற்குப் போதிய சான்று இல்லை என்றது நீதிமன்றம்.

சான்று இல்லை! தரங்கம்பாடி மிஷனரிகளின் கடிதங்கள், புதுச்சேரி ஆணை, வில்சன் சுற்றறிக்கை, வடக்கன்குளம் வழக்கு, இவ்வளவும் எங்கே போயின? தென்னிந்திய ஒடுக்கப்பட்ட வகுப்புக் கிறித்தவர்கள் சைமன் கமிஷனுக்கே மனு எழுதி, கோயிலுக்குள்ளும் நாங்கள் தீண்டப்படாதவர்கள்தான் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மனுவை எடுத்துக்காட்டி, மதம் மாறியவர்களின் நிலையைப் பற்றி அம்பேத்கர் ஒரு கட்டுரையும் எழுதினார். ஆவணங்களைத் திருச்சபையைவிட அதிகம் வைத்திருப்பவர் யார்? ஞானஸ்நானப் பதிவேடும் கல்லறைப் பதிவேடும் யாரிடம் இருக்கின்றன? ஆனால் வெளியே பேசும்போது நம் தலைமைக்கு ஒரு வாக்கியம் பழக்கமாகிவிட்டது: கிறித்தவத்தில் சாதி இல்லை. இறையியலாக அது சரியாக இருக்கலாம். சூசைக்கு அது ஒரு கடையைப் பறித்த வாக்கியம். சாதி உண்டு என்று ஒப்புக்கொண்டால் வெட்கம், இல்லை என்று சொன்னால் மக்களுக்கு உரிமை போகும். இந்த இரண்டில் தலைமை நெடுங்காலம் வெட்கத்திலிருந்து தப்புவதையே தேர்ந்தெடுத்தது.

அதை மாற்றியது கீழிருந்து வந்த நெருக்கடி. 1980களில் தலித் கிறித்தவர் இயக்கங்கள் தெருவுக்கு வந்தன. அர்விந்த் நிர்மல் தலித் இறையியல் என்று பெயரிட்டுப் பேசினார். மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புறப் பாட்டை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதன் பிறகு தலைமையும் பேசத் தொடங்கியது. சென்னைப் பேராயர் மா. அசரியா போன்றவர்கள் உண்மையாகவே இதற்காக உழைத்தார்கள், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2003இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலானார், தலித்துகளில் முதல்வர்.

இந்த வரிசைக்கு நடுவே 2008 மார்ச் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் எறையூர். எங்கள் கோயிலைத் தனிப் பங்காக்குங்கள் என்று தலித் கிறித்தவர்கள் கேட்டார்கள். ஒரே மாதாவை வணங்கும் வன்னியக் கிறித்தவர்கள் எதிர்த்தார்கள். வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் சுட்டது, வன்னியர் இருவர் செத்தார்கள். தனிப் பங்கு கேட்பது பிரிவினையை ஏற்பதாகாதா என்று அப்போது ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வடக்கன்குளத்தில் இடிக்கச் சொன்னோம், எறையூரில் தனியாகக் கொடு என்கிறோம். வேறுபாடு இதுதான்: அங்கே பிரிவைக் கேட்டவர்கள் அடுத்தவரை விலக்கி வைக்கக் கேட்டார்கள். இங்கே விலக்கி வைக்கப்பட்டவர்கள் தங்கள் திருவிழாவையும் தங்கள் சாவையும் மரியாதையாக நடத்த ஓர் இடம் கேட்டார்கள். இருந்தாலும் அந்தக் கோரிக்கை எனக்குள் ஒரு வலியை விட்டுச்சென்றது என்பதை மறைக்க மாட்டேன். ஒன்றாக இருக்க முடியும் என்ற நம்பிக்கை போன பிறகு எழுகிற கோரிக்கை அது.

இப்போதைய காலம் தலைமைக்குப் பயமான காலம். மதமாற்றத் தடைச் சட்டங்கள் பல மாநிலங்களில் வந்துவிட்டன, கோயில்கள் தாக்கப்படுகின்றன. இந்த நேரத்தில் உள்வீட்டு விஷயத்தைப் பேச வேண்டாமே என்று நம்மிடம் சொல்கிறார்கள். 1741இலும் நேரம் சரியில்லைதான். தாக்குதலை முதலில் வாங்குகிறவர்கள் யார் என்று கந்தமாலைக் கேளுங்கள். 2008இல் அங்கே காட்டுக்குள் ஓடியவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடிகளும்தான்.

ஆகவே நாம் ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி 2007இல் அறிக்கை கொடுத்தும் அது அப்படியே இருக்கிறது. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் அமைந்தது. எந்த ஆணையம் வந்தாலும், எந்த நீதிமன்றம் விசாரித்தாலும், கேட்கப்போவது சூசையிடம் கேட்ட அதே சான்றைத்தான். உங்கள் ஊர்க் கோயிலில் பங்குப் பேரவையில் யார் இருக்கிறார்கள், தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, கல்லறையில் சுவர் உண்டா, சேகரப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் நம் பிள்ளைகள், கடைசியாக நம்மில் ஒருவர் குருவானது எந்த ஆண்டு, உபதேசியார் யார். பெயர், ஆண்டு, சாட்சி சொல்லக்கூடியவர் இருவர். படிவம் இரண்டு பக்கம்தான், வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது ஊருக்கு ஒன்றாவது எடுத்துக்கொண்டு போங்கள்.