முதலில் வெளியே போவது யார்?

விளையாட்டு டீச்சர் வேலையில் எனக்குப் பிடிக்காத நேரம் ஒன்று உண்டு. பிள்ளைகளே மாறி மாறிப் பேர் சொல்லி அணி பிரிக்கிற நேரம். ஆறாம் வகுப்பு, ஜூன் மாதம், எல்லாம் புது முகங்கள். யார் எவ்வளவு வேகமாக ஓடுவாள், யார் கை எவ்வளவு தூரம் எறியும் என்று ஒருத்திக்கும் தெரியாது. ஆனாலும் கடைசியில் மிஞ்சப்போவது யார் என்பது மட்டும் எல்லாருக்கும் எப்படியோ தெரிந்திருக்கும். அந்த நேரத்தை அப்படியே இழுத்து, ஒரு தீவில் கொண்டுபோய் வைத்து, பத்து லட்சம் டாலர் பரிசும் கொடுத்தால் அதுதான் அமெரிக்க ‘சர்வைவர்’.

2021-இல் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்தி, விஜயலட்சுமி ஒரு கோடி ரூபாய் வென்றாரே, அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு விதிகளைச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: முன்பின் தெரியாத 16 முதல் 20 பேரை அணிகளாகப் பிரித்துத் தீவில் விடுவார்கள். போட்டியில் தோற்ற அணி அன்றிரவு பஞ்சாயத்தில் கூடி, தன் ஆட்களில் ஒருவரை ஓட்டுப் போட்டு வெளியேற்ற வேண்டும். பிறகு அணிகள் ஒன்றாகிவிடும். அதன்பின் அவரவர் ஆட்டம். பிற்பகுதியில் வெளியேறியவர்களே கடைசியில் ஜூரியாக உட்கார்ந்து வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். சிபிஎஸ் சேனலில் 2000 மே 31-இல் தொடங்கியது. நடத்துபவர் அன்றும் இன்றும் ஜெஃப் ப்ரோப்ஸ்ட்.

நான் இதை விடாமல் பார்ப்பதற்குக் காரணம் தீவும் கடலும் இல்லை, ஓட்டுச் சீட்டு. வேலைக்கு ஆள் எடுக்கும் அறையிலும் வாடகைக்கு வீடு கொடுக்கும் வாசலிலும் மனதில் ஓடுவதை யாரும் எழுதி வைப்பதில்லை. இங்கே யார் யாருடைய பேரை எழுதினார், கேமராவிடம் என்ன காரணம் சொன்னார் என்பதெல்லாம் இருபது வருடத்துக்கு மேலாகப் பதிவாகி இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இதை விடுவார்களா? முதல் 40 சீசன்களின் 731 போட்டியாளர்களை வைத்து ஓர் ஆய்வு 2023-இல் ‘சைக்கலாஜிக்கல் சயன்ஸ்’ இதழில் வந்தது. அணியிலிருந்து முதல் ஆளாக வெளியேற்றப்படும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வெள்ளையர்களைவிட மற்ற இனத்தவருக்கு அதிகம். அணிகள் ஒன்றாகும் கட்டம்வரை தாக்குப்பிடிப்பவர்களும் வெள்ளையர் அல்லாதவர்களில் குறைவு. ஆராய்ச்சி வேண்டாம், விரல் விட்டே எண்ணலாம்: அந்த 40 சீசன்களில் பெண்கள் வென்றது 15 முறை, அதிலும் சாண்ட்ரா டயஸ்-ட்வைன் ஒருவரே இரண்டு முறை. கறுப்பின வெற்றியாளர்கள் 4 பேர்: விசேபியா டவரி, எர்ல் கோல், ஜெரமி காலின்ஸ், வெண்டெல் ஹாலண்ட். 35-இலிருந்து 40 வரை ஆறு சீசன்களிலும் ஜெயித்தவர்கள் ஆண்கள்தான்.

முதல் வாரத்தில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: அணிக்கு பலம் வேண்டும், பலவீனமானவரை அனுப்புவோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டிகளைக் கவனியுங்கள். முதலில் தடை ஓட்டம், சேற்றில் தவழ்தல், மூட்டை சுமத்தல். கடைசியில் ஒரு புதிர்ப் பலகை. ஓட்டத்தில் முன்னே வந்த அணி புதிரில் கோட்டை விட்டுத் தோற்பதைச் சீசனுக்குச் சீசன் பார்க்கலாம். தோற்றபின் உருளுவதோ பெரும்பாலும் அணியின் மெலிந்த பெண்ணின் தலை. பனியனைக் கழற்றினால் தெரியும் தசைதான் பலம் என்று முதல் நாளே முடிவாகிவிடுகிறது. உடற்கல்வி படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு குறுகிய கட்டையில் மணிக்கணக்காக அசையாமல் நிற்கும் போட்டியில் அந்தத் தசை பாரம்தான்.

இனத்தை நிகழ்ச்சியே கையில் எடுத்துக்கொண்டதும் உண்டு. 2006-இல் ‘குக் தீவுகள்’ சீசனில் 20 பேரைக் கறுப்பினத்தவர், ஆசியர், லத்தீன் வம்சாவளியினர், வெள்ளையர் என்று நான்கு அணியாகவே பிரித்தார்கள். ஊரே திட்டியது. வென்றவர் கொரிய வம்சாவளியைச் சேர்ந்த யுல் க்வான்.

2012-இல் ‘ஒன் வேர்ல்ட்’ சீசனில் ஆண்கள் ஓர் அணி, பெண்கள் ஓர் அணி. இதில் நடந்ததை நம்பவே முடியாது. போட்டியில் ஜெயித்த ஆண்கள், பஞ்சாயத்துக்குப் போகத் தேவையே இல்லாதபோது, வெற்றியைப் பெண்கள் அணிக்குத் தாரை வார்த்துவிட்டுத் தாங்களே போய் உட்கார்ந்தார்கள். சக ஆட்டக்காரரான பில் போஸ்லியை அனுப்பத்தான். பில் கறுப்பினத்தவர், நகைச்சுவைக் கலைஞர். அவரைப் பிடிக்காத ஒருவர் அவரைப் பற்றிப் பேசிய பேச்சில் இன இழிவு அப்பட்டமாக இருந்தது. அந்த ஒருவரின் வெறுப்புக்காக ஓர் அணியே தன் லாபத்தை விட்டுக்கொடுத்தது. விளைவு? கடைசி ஐந்து பேரும் பெண்கள்.

2014-இல் இலங்கை வம்சாவளி இரட்டையர் நாடியா, நாடலி ஆண்டர்சன் வந்தார்கள். ஒரே முகம், ஒரே உடற்கட்டு. ஆளுக்கு ஓர் அணி. நாடியா அந்தச் சீசனிலேயே முதல் ஆளாக வெளியேறினார். நாடலி பட்டமே வென்றார். ஒரு ஜோடியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் அந்த முதல் ஓட்டு ஆளின் திறமையை எவ்வளவு அளக்கிறது என்று கேட்டால் நான் இந்த அக்கா தங்கையைத்தான் காட்டுவேன்.

2019-இல் கெல்லி கிம் விஷயம் வேறு ரகம். ஓர் ஆண் போட்டியாளர் தன்னைத் தேவையில்லாமல் தொடுவதாகக் கேமரா முன்பே அழுது சொன்னார். அந்த ஆளுக்கு எச்சரிக்கை மட்டும் கிடைத்தது. கெல்லியை அணி ஓட்டுப் போட்டு அனுப்பிவிட்டது, தன் மேல் விழும் ஓட்டுகளைச் செல்லாததாக்கும் ‘ஐடல்’ என்ற பாதுகாப்புச் சின்னம் இரண்டு அவர் பையில் இருக்கும்போதே. அவர் குறையை வேறு சில பெண்களே ஆட்டத்துக்குத் துருப்பாக்கிக்கொண்டதும் பிறகு மன்னிப்புக் கேட்டதும் நடந்தது. அந்த ஆளைப் பின்னால் வேறொரு சம்பவத்துக்காக நிகழ்ச்சியே வெளியேற்றியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2022-இல் 42-ஆவது சீசனின் ஒரு பஞ்சாயத்து. அன்று ஆட்டக்காரர்களை இரண்டு குழுவாக்கினார்கள். முதல் குழு ராக்ஸ்ராய் பெய்லியை அனுப்பியது. இரண்டாவது குழு உள்ளே வந்தபோது ஜூரி பெஞ்சில் இரண்டே பேர்: ஏற்கெனவே போன ஷனெல் ஹவல், இப்போது ராக்ஸ்ராய். இருவரும் கறுப்பினத்தவர். உள்ளே வந்த ட்ரியா டிரைவரும் மரியான் ஒகெட்சும் அப்படியே. பெஞ்சைப் பார்த்ததும் ட்ரியாவின் முகம் மாறியது. திரும்பவும் இதேதான் நடக்கிறது, நான் மூன்றாவது ஆளாகப் போகமாட்டேன் என்று சொல்லித் தன் ஐடலை எடுத்தார். மரியானும் எடுத்தார். எதிரில் இருந்த ஜோனதன், தன்னை இனவெறியன் என்கிறார்கள் என்று கொதித்தார். தனிப்பட்ட யாரையும் சொல்லவில்லை, தன்னையறியாமல் நடப்பதைத்தான் சொல்கிறேன் என்பது ட்ரியாவின் பதில். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆட்டத்துக்கான காரணத்தோடுதான் ஓட்டுப் போட்டிருப்பார்கள். ஜோனதன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்தக் காரணங்களெல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் போய் விழுவதைத்தான் அந்தப் பெஞ்ச் காட்டியது. அந்தச் சீசனில் 8 ஜூரி ஓட்டில் 7 வாங்கி மரியான் ஜெயித்தார். விசேபியாவுக்கு 20 வருடம் கழித்து வென்ற இரண்டாவது கறுப்பினப் பெண்.

ட்ரியாவால் அன்று அப்படிப் பேச முடிந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. 2020-இல் பழைய கறுப்பினப் போட்டியாளர்கள் ஒன்றுகூடி, ஆள் எடுப்பதிலும் காட்சிகளை வெட்டி ஒட்டுவதிலும் தங்களுக்கு நடந்ததைப் பேசினார்கள். அந்த நவம்பரில் சிபிஎஸ், 2021-22 முதல் ரியாலிட்டி நிகழ்ச்சிகளின் போட்டியாளர்களில் பாதிக்குக் குறையாமல் வெள்ளையர் அல்லாதவர்கள் இருப்பார்கள் என்று அறிவித்தது. திறமை போய்விடும் என்று அங்கேயும் முணுமுணுத்தார்கள். இந்தப் பாட்டு நமக்குப் புதிதில்லை. அந்த ஏற்பாட்டில் வந்த முதல் சீசனான 41-ஐ பிலிப்பைன்ஸ் வம்சாவளிக் கனடியப் பெண் எரிகா கசுபனான் வென்றார். 41 முதல் 48 வரை எட்டு சீசன்களில் ஐந்து பெண்கள் ஜெயித்திருக்கிறார்கள். 39 நாள் ஆட்டம் 26 நாளானது, அணிகள் சிறிதாயின என்று வேறு மாற்றங்களும் உண்டு. எல்லாப் பெருமையையும் அறிவிப்புக்கே கொடுக்க முடியாது. ஆனால் தீவுக்கு யாரைக் கூட்டிப்போகிறோம் என்பதை மாற்றாமல் இது நடந்திருக்காது என்பது என் முடிவு.

நீங்கள் பார்க்கும் ரியாலிட்டி ஷோ எதுவாக இருந்தாலும் அடுத்த சீசனில் ஒன்று செய்யுங்கள். முதல் மூன்று வாரம் வெளியேறுபவர்களின் பெயரையும், மற்றவர்கள் சொன்ன காரணத்தையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். மூன்றாவது வாரம் அதை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.