அடைக்கோழியும் வாத்து முட்டையும்

விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் போன்ற நெல் விளையும் ஊர்களில், அழகுக்காக வாத்து வளர்ப்போர் முட்டைகளை அடைக்கோழியைக் கொண்டே பொரிக்கச் செய்யலாம். ஒரு நாட்டுக்கோழிக்கு 8 முட்டைகள் போதும்.

கோழி முட்டை 21 நாளில் பொரியும். வாத்து முட்டைக்கு 28 நாளும், மஸ்கோவி இனத்திற்கு 35 நாளும் வேண்டும். இதை அறியாது, 21ஆம் நாள் கழிந்ததும் கூமுட்டையென்று எறிந்துவிடின், உயிருள்ள குஞ்சுகளே வீணாகும். ஆகவே, 7ஆம் நாளிரவு முட்டையை விளக்கெதிரே பிடித்துப் பார்க்க வேண்டும்; கருவுள்ளதில் சிவந்த நரம்புகள் தோன்றும்.

தாய் வாத்து நனைந்த இறகுடன் அமர்வதால் முட்டைக்கு ஈரம் கிடைக்கும். கோழியிடம் அது இல்லை. ஆதலின் இரண்டு வாரம் சென்றபின், கோழி இரைக்கு எழும்போது, வெதுவெதுப்பான ஜலத்தை நாள்தோறும் சிறிது தெளித்து, முட்டைகளைக் கையால் திருப்பி வைத்தல் நலம்.

ஓடு விரிந்தபின் குஞ்சு வெளிவர ஒரு நாளுக்கு மேலும் செல்லும், அவசரப்பட்டு உரித்தலாகாது.