பனி விழும் முன்னே தெளிக்கும் உப்புத் தண்ணி

மே மாசம் எங்க உளுந்தூர்பேட்டையில் தார் ரோடு இளகி செருப்பில் ஒட்டும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, ரோட்டில் ஐஸ் பிடிக்காமல் இருக்க என்ன தெளிக்கலாம் என்று ஒருத்தன் ஆராய்ச்சி பண்ணினால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் என்னோடு பி.இ. படித்தவர்களில் சிலர் இப்போது கனடாவில், அதுவும் தமிழர்கள் நிறைய இருக்கிற ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறார்கள். அதில் ஒருவன்தான் கேட்டான். பனி வரப்போகுது என்று அறிவிப்பு வந்தால் போதுமாம், முதல் நாளே ஒரு டேங்கர் லாரி போகுமாம். அது போன தடத்தில், காய்ந்த ரோட்டில் நெடுக வெள்ளைக் கோடுகள். "பனியே இன்னும் விழல, எதுக்குடா இப்பவே தெளிக்கிறான்?" என்றான். நல்ல கேள்வி. நான் தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

லாரியில் இருப்பது வெறும் உப்புத் தண்ணீர். பிரைன் என்பார்கள். தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு மெல்லிய படலமாக ரோட்டோடு ஒட்டி நிற்கும். அந்தப் படலம்தான் நண்பன் பார்த்த வெள்ளைக் கோடு.

உப்பு ஐஸை "உருக்கும்" என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். உப்பு எந்தச் சூட்டையும் கொண்டுவருவதில்லை, தண்ணீர் உறையும் வெப்பநிலையை இறக்குகிறது, அவ்வளவுதான். இதை நம் ஊரிலேயே பார்க்கலாம். குல்ஃபி வண்டிக்காரர் பானைக்குள் ஐஸோடு கல் உப்பைப் போடுவது எதற்கு? உப்புப் பட்ட ஐஸ் உருகும்போது சுற்றியிருக்கிற சூட்டை இழுத்துக்கொள்கிறது, கலவை சைபருக்குக் கீழே நல்லா இறங்குகிறது, உள்ளே இருக்கிற பால் கெட்டியாகிறது. கடலூர் துறைமுகத்துக்கு மீன் ஐஸ் தயாராகிற மாதிரியான ஐஸ் கம்பெனிகளிலும் இதே கதைதான். பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீரை மைனஸ் பத்து டிகிரி சுமாருக்குக் குளிர வைத்திருப்பார்கள். அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய தகர கேன்களை இறக்குவார்கள். கேனுக்குள் இருப்பது பாளம் பாளமாக ஐஸ் ஆகும், வெளியே உப்புத் தண்ணீர் உறையாமல் ஓடிக்கொண்டிருக்கும். கனடா டேங்கரில் இருப்பதும் ஏறக்குறைய இந்தத் தொட்டித் தண்ணீர்தான்.

எவ்வளவு உப்பு போடுவது என்பதில்தான் சூட்சுமம். எடையில் 5 சதவீதம் உப்பு கலந்தால் மைனஸ் 3 டிகிரியில் உறையும். 10 சதவீதம் என்றால் மைனஸ் ஆறரை சுமார். 20 சதவீதத்தில் மைனஸ் 16. 23.3 சதவீதத்தில் மைனஸ் 21. "சரி, 30 சதவீதம் போட்டா இன்னும் நல்லா இருக்குமே" என்று தோன்றும். இருக்காது. 23.3-ஐத் தாண்டினால் கோடு திரும்பி மேலே ஏறுகிறது. மிச்ச உப்பு கரைந்து நிற்காமல் படிகமாகப் பிரிந்து, லாரியின் குழாயையும் நாசிலையும் அடைத்துவிடும். அதனால் ரோட்டு பிரைன் பெரும்பாலும் 23 சதவீதம் சுமார்தான்.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவருக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. போமே மீட்டரை மிதக்கவிட்டு பாத்தித் தண்ணீரின் டிகிரி பார்ப்பது அங்கே வழக்கம். 24, 25 டிகிரி வந்தால் உப்பு பூக்க ஆரம்பிக்கும். ரோட்டு பிரைன் அதே மீட்டரில் 22 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். அதாவது உப்பு பூப்பதற்குச் சற்று முந்தைய கட்டத்துத் தண்ணீர்.

இதே கணக்கு யூரியாவுக்கும் உண்டு. எங்க ஊர் டோல்கேட் பக்கம் பிஎஸ்-6 லாரிகளுக்கு டிஇஎஃப் என்று கேனில் விற்கிறார்களே, அது 32.5 சதவீத யூரியாக் கரைசல். ஏன் சரியாக 32.5? யூரியாக் கரைசல் மிகக் குறைந்த வெப்பநிலையில், மைனஸ் 11-ல், உறைவது அந்த அளவில்தான். ஒரு காலத்தில் விமான ஓடுதளங்களில் ஐஸுக்கு யூரியாவைத்தான் போட்டார்கள். உப்புப் போட்டால் விமானத்தின் உலோகம் அரித்துவிடும். ஆனால் யூரியா ஓடையில் கலந்து பாசியை வளர்த்தது. இப்போது பல இடங்களில் பொட்டாசியம் அசிடேட் தெளிக்கிறார்கள். விலை அதிகம், அதனால் ரோட்டுக்கு வரவில்லை.

இனி நண்பனின் கேள்வி: எதற்கு முன்கூட்டியே?

பனி விழுந்து, வண்டிகள் மிதித்து, ரோட்டோடு இறுகிவிட்டால் அது சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் உப்பைக் கொட்டினால், அது மேலிருந்து துளைத்துக்கொண்டு அடிவரை போக வேண்டும். போகிற வழியில் உருகின தண்ணீரே உப்பை நீர்க்க வைக்கும். 23 சதவீதமாக இருந்தது 5 சதவீதம் ஆனால், மைனஸ் 4-லேயே திரும்ப உறைந்துவிடும். முன்கூட்டியே அடியில் உப்புப் படலம் இருந்தால், முதலில் விழுகிற பனி ரோட்டோடு ஒட்டாது. கலப்பை வண்டி வந்து வழித்தால் சுத்தமாக வந்துவிடும். தோசைக் கல்லில் முதலில் எண்ணெய் தடவுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் இதை 1990 வாக்கில் பல மாநிலங்களில் சோதித்துப் பார்த்து, 1996-ல் நெடுஞ்சாலைத் துறைக் கையேடாகவே போட்டுவிட்டார்கள்.

அளவும் குறைகிறது. ஒரு லேன், ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 100 லிட்டர் பிரைன் போதும். அதில் இருக்கிற உப்பு 27 கிலோ. பனி இறுகிய பிறகு கல் உப்பாகக் கொட்டினால் அதே தூரத்துக்கு 60-லிருந்து 100 கிலோவுக்கு மேல்கூடப் போகும். மிச்சிகன் மாநிலச் சோதனை ஒன்றில், லாரியிலிருந்து விழுந்த காய்ந்த உப்பில் 30 சதவீதம் துள்ளித் தெறித்து ரோட்டை விட்டே போய்விட்டது. ஈரப்படுத்திப் போட்டபோது தெறித்தது வெறும் 4 சதவீதம்.

எல்லா நேரமும் இது வேலை செய்யாது. பனிக்கு முன்னால் மழை வந்தால் படலம் கழுவிக்கொண்டு போய்விடும். ஏற்கெனவே தடியாக ஐஸ் இருந்தால், மேலே பிரைன் ஊற்றுவது இன்னும் வழுக்கலாக்கும். மைனஸ் 10-க்குக் கீழே சாதா உப்பு சோம்பேறியாகிவிடும். அங்கே கால்சியம் குளோரைடோ மெக்னீசியம் குளோரைடோ சேர்க்கிறார்கள். இன்னொன்று எனக்குப் பிடித்தது: சர்க்கரைக் கிழங்கு ஆலையின் கழிவுப் பாகு. டொரொண்டோவில் கடுங்குளிர் நாட்களில் இதையும் உப்போடு கலந்து போட்டிருக்கிறார்கள். பாகு கலந்தால் உப்பு ரோட்டில் பிசினாக ஒட்டி நிற்கும். கரும்பு மொலாசஸுக்கும் இந்தக் குணம் உண்டு. அது நம் மூங்கில்துறைப்பட்டு ஆலையில் நாறிக்கொண்டிருக்கிற அதே சரக்குதான்.

இவ்வளவு கணக்கு எதற்கு, ரெண்டு மூட்டை கூடப் போட்டால் என்ன குறைஞ்சு போகுது? இங்கேதான் விஷயம் கனமாகிறது.

முதலில் இரும்பு. ஒண்டாரியோவில் எலியட் லேக் என்ற சின்ன ஊரில் அல்கோ சென்டர் என்று ஒரு மால். மொட்டைமாடியில் பார்க்கிங். கார்கள் ரோட்டு உப்பைச் சுமந்துகொண்டு மேலே ஏறும். கூரை கட்டின நாளிலிருந்தே ஒழுகல், உப்புத் தண்ணீர் முப்பது வருஷம் இரும்பு இணைப்புகளில் இறங்கிக்கொண்டே இருந்தது. 2012 ஜூன் 23 அன்று கூரை இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஜூன் மாதம், பனியே இல்லாத நாள்.

அடுத்தது நிலத்தடி நீர். ஸ்கார்பரோவுக்குள் ஓடுகிற ஹைலேண்ட் கிரீக் ஓடையை வைத்து 1993-ல் ஒரு ஆய்வு வெளியானது. ஹோவர்ட், ஹேன்ஸ் என்ற இருவர் போட்ட உப்பு வரவு-செலவுக் கணக்கு அது. அந்த வட்டாரத்தில் கொட்டப்படும் உப்பில் வருஷத்துக்கு 45 சதவீதம்தான் ஓடை வழியாக வெளியே போகிறது. மீதி 55 சதவீதம் மண்ணுக்குள் இறங்கி, ஆழமில்லாத நிலத்தடி நீரில் தங்குகிறது. பனி உருகின கையோடு உப்பும் ஏரிக்குப் போய்விட்டது என்றுதானே நாம் நினைப்போம்? இல்லை. ஊற்றுத் தண்ணீரில் மெல்ல மெல்லக் கசிந்து, கோடையிலும் ஓடைக்கு வந்துகொண்டிருக்கும். இதே வேகத்தில் கொட்டினால் ஊற்றுகளில் குளோரைடு லிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டும் என்று கணித்தார்கள். ஒப்பிட்டுப் பாருங்கள்: நம் இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு 250 வரை ஏற்கலாம். கனடாவில் நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகால வரம்பு வெறும் 120. 2001-ல் கனடா அரசே ரோட்டு உப்பு சுற்றுச்சூழலுக்கு நச்சு என்று முடிவுக்கு வந்தது. தடை செய்யவில்லை, செய்யவும் முடியாது. உப்பில்லாவிட்டால் ரோட்டில் ஆள் சாவான். 2004-ல் நடைமுறை விதிகள் கொண்டுவந்தார்கள், குறைத்துப் போடு என்று.

உப்பேறின போர்த் தண்ணி என்ன செய்யும் என்று நம் கடலோர கிராமங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மோட்டாரை நிறுத்தினால் மறுநாளே இனிப்பாக மாறுகிற சமாச்சாரம் இல்லை அது. பிரைன் பயன்பாட்டைப் பணம் மிச்சம் என்ற கோணத்தில் மட்டும் எழுதுகிற கட்டுரைகள் எனக்கு ஒப்பவில்லை. 60 கிலோவுக்குப் பதில் 27 கிலோ என்றால், மண்ணுக்குள் போகாமல் நின்ற 33 கிலோதான் அதில் பெரிய செய்தி.

அங்கே இருக்கிறவர்கள் வீட்டு டிரைவ்வேக்கும் இதைச் செய்யலாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ உப்பு, 23 சதவீதம் வந்துவிடும். ரோட்டுக் கணக்கிலேயே போட்டால் 50 சதுர மீட்டர் டிரைவ்வேக்கு ஒன்றரை லிட்டர் போதும். அதாவது உள்ளே போவது 400 கிராம் உப்பு. தோட்டத்துக்கு மருந்தடிக்கிற கை ஸ்ப்ரேயர் இருந்தால் பனிக்கு முன்னே, ரோடு காய்ந்திருக்கும்போது அடியுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஸ்ப்ரேயரைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் பித்தளை நாசில் பச்சை பூத்துவிடும். போன கோடையில்தான் கான்கிரீட் போட்டீர்கள் என்றால் முதல் குளிர்காலம் மட்டும் உப்பு வேண்டாம், மணல் தூவுங்கள்.