முந்திரியும் கொரோஷோவும்

2018 நவம்பர் 12 அன்று தான்சானிய அதிபர் ஜான் மகுஃபுலி ஓர் உத்தரவு போட்டார். நாட்டின் தென்கோடியில் விளைந்த முந்திரிக்கொட்டை மொத்தத்தையும் கிலோ 3,300 ஷில்லிங்குக்கு அரசே வாங்கிக்கொள்ளும். மூட்டைகளை ஏற்றி இறக்கும் வேலையை ராணுவம் பார்க்கும். வியாபாரிகள் கேட்ட விலைக்குக் கொடுக்க முடியாது என்று விவசாயிகள் முரண்டு பிடித்ததில் தொடங்கிய சண்டை அது. அதற்குள் இரண்டு அமைச்சர்களின் பதவி போயிருந்தது. நான்கு நாள் கழித்து, 16-ஆம் தேதி விடியுமுன், வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் உள்ளே வந்து, புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் தென்னை, பலா, முந்திரி என்று நின்றதையெல்லாம் சாய்த்துப் போட்டது. புயலைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ராணுவ லாரியில் முந்திரி ஏறிய கதையோ, கொல்லத்துக்கும் தூத்துக்குடிக்கும் ஃபோன் போட்டு விலை கேட்கிற ஏஜென்டுகளைத் தாண்டி அதிகம் பரவியிருக்காது. ஆனால் சாய்ந்த மரத்துக்குப் பதிலாக ஒட்டுக்கன்று நட்டாலும் அது காய்க்க மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை உடைக்கிற கைக்குக் கொட்டை வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். அந்த வெளி எங்கே இருக்கிறது, அங்கே யார் எதற்காக உத்தரவு போடுகிறார்கள் என்பதெல்லாம் ஆலங்குடியின் சொந்தக் கவலை. ஆப்பிரிக்கவியல் என்றால் வெளியுறவுத் துறைக் கனவோடு டெல்லியில் உட்கார்ந்து படிக்கிற பாடம் என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கிறோம். அது புதுக்கோட்டை மாதிரி மாவட்டத்துக்குத்தான் முதலில் வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

முந்திரி நம் ஊர் மரமே கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து இந்தியாவின் மேற்குக் கரையிலும் மொசாம்பிக் கரையிலும் ஊன்றியது. இந்திக்காரரின் காஜு, சிங்களவரின் கஜு எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொல்தான். தான்சானியாவின் சுவாஹிலியில் கொட்டைக்குப் பெயர் கொரோஷோ. நம் பக்கத்தில் பிப்ரவரியிலிருந்து மே வரை கொட்டை விழும். ஐவரி கோஸ்ட், பெனின், கினி பிசாவு போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் ஏறக்குறைய அதே பருவம். தான்சானியா, மொசாம்பிக்கில் அக்டோபர் தொடங்கி ஜனவரி வரை. இந்த இரண்டு பருவமும் சேர்ந்தால்தான் பண்ருட்டியிலும் கொல்லத்திலும் மங்களூரிலும் வருஷம் முழுக்க வேலை ஓடும். இந்தியாவில் விளைவது ஆண்டுக்கு 7, 8 லட்சம் டன் என்றால், நம் ஆலைகளால் உடைக்க முடிவது அதைப்போல் இரண்டு மடங்குக்கு வரும். மீதி கப்பலில் வருகிறது. வியாபாரிகள் ‘அவுட்டர்ன்’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 80 கிலோ மூட்டையை உடைத்தால் எத்தனை பவுண்டு நல்ல பருப்பு தேறும் என்பது. 48 என்றால் சுமார் 22 கிலோ பருப்பு. கினி பிசாவுக் கொட்டை 50-ஐத் தாண்டும் என்று அதற்குத் தனி மரியாதை. ஒரு பவுண்டு இறங்கினால் ஒரு கப்பல் சரக்கில் லாபம் நஷ்டமாகிவிடும். அந்த ஒரு பவுண்டைத் தீர்மானிப்பது எங்கோ ஒரு கிராமத்தில் பெய்த மழையும், கொட்டையை எத்தனை நாள் வெயிலில் உலர்த்தினார்கள் என்பதும். புதுக்கோட்டை–தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையில் வறுத்து உடைக்கிற கொட்டை உள்ளூர்க் காட்டில் பொறுக்கியதாகவே இருக்கட்டும், அதற்கு விலை சொல்வது தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் மூட்டைதான்.

வறுக்கும்போது பக்கத்தில் நின்றால் தெரியும், ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் குபீரென்று பற்றிக்கொள்ளும். பட்ட இடம் வெந்து தோல் உரியும். அதனால் உடைக்கிற பெண்கள் விரலில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். இதே எண்ணெய் மொசாம்பிக் பெண்களின் விரலையும் ஒரு காலத்தில் பொசுக்கியது. 1970-களின் தொடக்கத்தில் முந்திரியில் உலகின் முன்வரிசையில் நின்ற நாடு அது. சொந்த ஆலைகளும் இருந்தன. உள்நாட்டுப் போர் முடிந்து நிமிர்ந்த நேரத்தில், 1990-களின் நடுவில், கடன் கொடுத்த உலக வங்கி ஒரு நிபந்தனை வைத்தது. உடைக்காத கொட்டையைத் தடையின்றி ஏற்றுமதி செய்ய விடு, வரியைக் குறை, விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்றது. கொட்டை இந்தியாவுக்குக் கப்பலேறியது. அங்கே ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். டானி ரோட்ரிக் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, சராசரி முந்திரி விவசாயக் குடும்பத்துக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஆண்டுக்கு 5 டாலர் சொச்சம்தான். கொல்லத்தில் அந்த வருஷங்களில் வேலை தட்டாமல் நடந்ததற்கு அங்கே ஒருத்தியின் அடுப்பு அணைந்தது ஒரு காரணம். இதை இங்கே எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தருவதில்லை. இப்போது சக்கரம் திரும்புகிறது. உடைக்காத கொட்டையை வெளியே விட மாட்டோம் என்று பெனின் அறிவித்து, 2024 ஏப்ரலைக் கெடுவாக வைத்தது. உலகிலேயே அதிகம் விளைவிக்கும் ஐவரி கோஸ்ட் தன் மண்ணிலேயே ஆலை வைப்பவர்களுக்குச் சலுகை தருகிறது. அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான். நம் பக்கம் அதன் விளைவு என்னவாக இருக்கும் என்பதை முன்கூட்டியே யோசிக்க ஆளில்லை என்பதுதான் சிக்கல்.

முந்திரி மட்டும் என்றால் ஒரு பயிரை வைத்துக் கதை கட்டுகிறீர்கள் என்று சொல்லலாம். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வரும் வழியில் வம்பன் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் அங்கேதான். உளுந்திலும் துவரையிலும் ‘வம்பன்’ என்ற பெயரோடு ரகங்கள் விதைக்கப்படுகின்றன. அதே துவரைக்காக இந்தியா 2016-இல் மொசாம்பிக்கோடு ஒப்பந்தம் போட்டது. அளவு படிப்படியாக ஆண்டுக்கு 2 லட்சம் டன்வரை உயர்ந்தது. 2021-இல் மலாவியோடு 50,000 டன்னுக்கு இன்னொன்று. 2023 கடைசியில் மொசாம்பிக்கின் நகாலா துறைமுகத்தில் ஏற்றுமதியாளர்களுக்குள் தகராறு வந்து சரக்கு தேங்கியபோது, இங்கே பருப்பு விலை ஏற்கெனவே எகிறிக்கொண்டிருந்தது. சாம்பார் வைக்கிறவருக்கு நகாலா என்ற பெயர் தெரிய வேண்டாம். வம்பனில் துவரை ரகம் உருவாக்குகிறவரும், எந்தப் பயிர் போடுவது என்று ஆலங்குடி விவசாயிக்குச் சொல்கிறவரும் தெரிந்துவைத்திருந்தால் நல்லது.

இனி பல்கலைக்கழகங்கள் பக்கம் வருவோம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கவியல் துறை வந்தது 1955-இல், ஆசிய–ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாடு நடந்த ஆண்டு. விடுதலைக்குக் காத்திருந்த கண்டத்தோடு நேரு நட்புக் கொண்டாடிய காலம், அதனால் துறையின் பார்வையிலும் ராஜதந்திரமே மேலோங்கியது. மும்பையில் 1971-இல் ஆப்பிரிக்க ஆய்வு மையம் வந்தது. ஸான்ஸிபாரிலும் மொம்பாசாவிலும் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்த குஜராத்திகளின் வாசலில் அப்படியொன்று வந்தது பொருத்தம். பின்னர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் மையம் அமைந்தது. கருத்தரங்கு, உதவித்தொகை, சுவாஹிலி வகுப்பு என்று வாய்ப்புகள் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள் சுற்றுகின்றன. தமிழ்நாட்டில் அந்த அளவுக்குப் பேர்சொல்லும் துறை கிடையாது. நமக்குக் கண் எப்போதும் தென்கிழக்கு ஆசியா மேல்தான், சோழர் கப்பல் போன திசை அது. இத்தனைக்கும் 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் 342 பேர் இருந்தார்கள். 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அதில் தமிழும் தெலுங்கும் பேசியவர்களே பெரும்பான்மை. கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா, உடம்பில் உள்ள தழும்புவரை எழுதி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். ஆங்கில எழுத்தில் உருக்குலைந்து கிடக்கும் நம் ஊர்ப் பெயர்களைச் சரியாகப் படிக்கக்கூடியவர்கள் டர்பனைவிடத் திருச்சியில்தான் அதிகம். 2023-இல் சென்னை ஐஐடி தன் முதல் வெளிநாட்டு வளாகத்தை ஸான்ஸிபாரில் திறந்தது. பாடம் தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு. இங்கிருந்து அங்கே பாடம் போயிற்று, சந்தோஷம். அங்கிருந்து இங்கே என்ன வந்தது?

ஒருமுறை வந்தது, அதையும் பார்த்துவிட வேண்டும். செனகலின் முதல் அதிபர், கவிஞர் செங்கோர், கறுப்பின மக்களுக்கும் திராவிடருக்கும் ஆதி உறவு உண்டென்று நம்பியவர். டக்கார் பல்கலைக்கழகத்தில் இந்திய–ஆப்பிரிக்க ஆய்வுக்கு ஏன் ஒரு துறை வேண்டும் என்று அவர் எழுதிய கட்டுரை 1974-இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கில ஆய்விதழில் வெளியாயிற்று. துறையும் வந்தது. பின்னாளில் துளுப் பேரகராதியைத் தொகுத்த உபாத்யாயா தம்பதி அங்கே போனார்கள். பின்னாளில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தரான க.ப. அறவாணனும் தாயம்மாள் அறவாணனும் போனார்கள். உழைப்பு பெரியது. ஆனால் கட்டடத்தின் அஸ்திவாரம் ஒரே ஓர் ஊகம்: செனகலின் வோலோஃப் மொழியும் தமிழும் உறவு என்பது. ஒப்பியல் மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. 1980 கடைசியில் செங்கோர் பதவி விலகினார். அவரளவுக்கு அந்தத் துறையைத் தூக்கிப் பிடிக்க ஆள் வரவில்லை. இன்றைக்கும் ஆப்பிரிக்கா என்றதும் குமரிக் கண்டத்துக்குத் தாவுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கூடிப் பேசக் கூட்டம் வரும், படிப்பு வளராது. சொல்லில் உறவு தேடுவதைவிடச் சோற்றில் தேடலாம்: கேழ்வரகு, சோளம், கம்பு, தட்டைப்பயறு நான்கும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. நம் புளிக்கும் பூர்வீகம் அங்கேதான். இதற்கு ஊகம் தேவையில்லை, தாவரவியல் போதும்.

இதையெல்லாம் வியாபாரிகள் ஏற்கெனவே தெரிந்துதானே வைத்திருக்கிறார்கள், பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தூத்துக்குடி இறக்குமதியாளருக்கு ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் துறைமுகத்தில் ஆள் இருக்கிறார். ஆப்பிரிக்காவில் ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் முதலாளிக்கு அங்கத்திய பாறையின் குணம் அத்துப்படி. ஆனால் அந்த அறிவு அவரவர் சட்டைப்பையில் இருக்கிறது. சந்தையில் கொட்டை கொடுக்கிறவரிடம் “ஆப்பிரிக்கா சரக்கு வந்துருச்சு, இதுக்கு மேல கட்டாது” என்று சொன்னால், அது உண்மையா என்று பார்க்க அவருக்கு வழி இல்லை. வழி வைப்பதுதான் பொதுப்பணத்தில் நடக்கும் கல்லூரியின் வேலை. வேலை கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. ஆப்பிரிக்கவியலில் தனியாக மூன்று வருஷப் பட்டம் வைத்தால் ஆலங்குடியில் ஒரு பிள்ளையும் சேராது. சேராமல் இருப்பதே புத்திசாலித்தனம். வணிகவியலோடும் பொருளாதாரத்தோடும் வரலாற்றோடும் ஒரு தாளாக, ஒரு சான்றிதழ்ப் படிப்பாக வைத்தால், பிரெஞ்சும் போர்த்துகீசியமும் கொஞ்சம் தெரிந்த ஒரு பி.காம் பட்டதாரிக்கு முந்திரி, துவரை, மருந்து ஏற்றுமதி நிறுவனங்களில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பிடி கிடைக்கும். 54 நாட்டை ஒரு பாடத்தில் அடைக்க முடியுமா என்றால், முடியாது. தான்சானியா, மொசாம்பிக், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா என்று நமக்குக் கொடுக்கல் வாங்கல் உள்ள நாலு நாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. விலை தெரிந்துகொள்வதற்காக ஒரு கண்டத்தைப் படிப்பது வெள்ளைக்காரன் செய்த வேலைதானே, அவன் காலனி ஆபீஸுக்காகப் படித்தான், நீ கொட்டைக்காகப் படிக்கிறாய் என்பது. ஓரளவுக்கு உண்மை, முழுக்க மறுக்க முடியாது. ஆனால் கொட்டையின் தடத்தைப் பிடித்துக்கொண்டு நேர்மையாகப் போகிறவர் மொசாம்பிக்கின் பூட்டிய ஆலைக்கு முன்னால் போய் நின்றுதான் ஆக வேண்டும். தனக்குக் கிடைத்த வேலை யாரிடமிருந்து வந்தது என்று அங்கே தெரியும். ஆதி உறவு பேசுகிறவரை அந்த வாசல்வரை யாரும் இழுத்துப் போவதில்லை. இன்னொன்று, பாடம் எடுக்க டெல்லிக்காரரைத் தேட வேண்டியதில்லை. இந்திய அரசின் கலாசார உறவுக் கழகம் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து அழைத்துவருகிறது. அப்படியும் சொந்தச் செலவிலும் வந்து தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படிக்கிறவர்கள் உண்டு. சந்தேகப் பார்வையும் வாடகை வீடு கிடைக்காத கஷ்டமும்தான் பல நேரம் அவர்களுக்கு நாம் தருவது. வாரம் இரண்டு மணி நேரம் சுவாஹிலி சொல்லிக்கொடுக்கச் சம்பளத்தோடு கூப்பிட்டால், வகுப்புக்கு வெளியேயும் சில விஷயங்கள் மாறலாம்.

ஆலங்குடியில் இப்போது அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, வம்பனில் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம். தான்சானியாவில் 2007 முதல் கிடங்கு ரசீது முறையில் கொட்டை விற்கிறார்கள்: விவசாயி கூட்டுறவுச் சங்கத்தில் மூட்டையைப் போட்டு ரசீது வாங்கிக்கொள்வார், பிறகு மொத்தமாக ஏலம். அக்டோபரில் ம்ட்வாராவிலும் லிண்டியிலும் முதல் ஏலம் நடக்கும்போது இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும், கல்லூரியில் பருவத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும். ஏல விலை ஷில்லிங்கில், செய்தி சுவாஹிலியில் வெளியாகும். அதைப் படித்து, ரூபாய்க்கு மாற்றி, கல்லூரி வாசல் பலகையில் கொரோஷோ கிலோ இன்ன விலை என்று சாக்பீஸால் எழுத ஒரு மாணவி போதும்.